பழைய டிராக்டரும் டீசல் சேர்பொருள்களும்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதியது)

நம் முன்னோர் உழவு மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்த்து வயதை அறிவர். வயதிற்கும் வேலைக்கும் ஏற்பத் தீனி வைப்பர். மாடு தீனி எடுக்கவில்லையெனில், காரணம் இன்னதென்று தெரிந்த பின்னரே மருந்து புகட்டுவர். இயந்திரத்தைப் பொறுத்தமட்டில் நம்மில் பலர் இம்முறையை மறந்துவிடுகின்றனர். டிராக்டர் புகை கக்கினாலும், காலையில் கிளம்ப மறுத்தாலும், இழுவை குறைந்தாலும், உதிரிப் பாகக் கடையில் 'அடிட்டிவ்' என்று விற்கும் சேர்பொருளில் ஒரு புட்டி வாங்கி டாங்கில் ஊற்றிவிட்டு, நோய் தீர்ந்ததென்று இருந்துவிடுகின்றனர்.

வாடகைக்கு டிராக்டர் விடும் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிட்டபோது, ஓராண்டில் இத்தகைய புட்டிகளுக்குப் பல செலவுச் சீட்டுகள் இருக்கக் கண்டேன். டீசல் வடிகட்டி மாற்றியதற்கு ஒரு சீட்டேனும் இல்லை. நடவுப் பருவத்தில் அவ்வண்டியின் டீசல் பம்பு பழுதாயிற்று. முறைக்குக் காத்திருந்த அங்கத்தினர்கள் வெளியார் வண்டிக்கு அதிக வாடகை கொடுத்து உழ நேர்ந்தது. இத்தகைய நஷ்டம் பிற சங்கங்களுக்கும், சொந்தமாகப் பழைய வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கும் நேராதிருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

டீசல் மாறியுள்ளது

பழைய வண்டிக்குச் சேர்பொருள் வேண்டுமா என்னும் கேள்வி எழுவதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நம் நாட்டு டீசலில் நூற்றுக்கு 1 பங்கு வரை, அஃதாவது பத்து இலட்சம் பங்கில் 10,000 பங்கு வரை, கந்தகம் அனுமதிக்கப்பட்டிருந்தது. புகையால் விளையும் தீங்கைக் குறைக்கும் பொருட்டு இவ்வளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. நாடு முழுவதற்கும் 2010இல் 350 பங்கு, 2017 ஏப்ரலில் 50 பங்கு, 2020 ஏப்ரல் 1 முதல் 10 பங்கு என்று விதிக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட டிராக்டர் இன்று குடிப்பது அன்றைய டீசலன்று.

கந்தகம் போனதால் மசகுத் தன்மை போயிற்று என்று கூறுவர். இதில் ஒரு நுட்பம் உண்டு. உலோகத்தின்மீது படிந்து தேய்மானத்தைத் தடுத்தவை டீசலில் இயற்கையாக இருந்த வேறு சில நுண்பொருள்கள். ஹைட்ரஜன் வாயுவைக் கொண்டு கந்தகத்தை நீக்கும்போது அவையும் உடன் நீங்கிவிடுகின்றன. இக்குறையைச் சுத்திகரிப்பு ஆலைகள் அறியாமலில்லை. ஆலையிலேயே மசகுப் பொருள் சேர்க்கப்படுகிறது. டீசலில் அமிழ்ந்த எஃகுத் தகட்டின்மீது எஃகுக் குண்டை 60 டிகிரி வெப்பத்தில் 75 நிமிடம் தேய்த்துப் பார்ப்பர். குண்டில் விழும் தேய்வுத் தழும்பு 460 மைக்ரானுக்கு, அஃதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அளவுக்கு, மேற்படலாகாது. ஆகவே முறையான பங்கில் வாங்கும் கலப்படமற்ற டீசல், சாதாரண வண்டிக்குப் போதுமானதே.

மற்றொரு விளைவும் உண்டு. பழைய டீசலில் நெடுங்காலம் ஊறிய ரப்பர் வளையங்கள், புதிய டீசல் பட்டதும் சுருங்கிக் கசியக்கூடும். 1993இல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது பல வண்டிகளில் இவ்வாறு நேர்ந்தது. பம்பில் கசிவு கண்டால் வளையத்தை மாற்றுவதே பரிகாரம். எந்தப் புட்டியும் வெடித்த ரப்பரைப் புதிதாக்காது.

பம்பின் வகையை அறிக

சேர்பொருள் வாங்குமுன் நம் வண்டியில் உள்ள டீசல் பம்பு எவ்வகையது என்று அறிதல் வேண்டும். டீசல் குழாய்கள் பம்பின் மேற்புறத்தில் ஒரே வரிசையாகக் கிளம்பினால் அது வரிசைப் பம்பு. அதன் அடிப்பகுதி என்ஜின் ஆயிலால் மசகு பெறுகிறது. பம்பு குட்டையாக உருண்டு, குழாய்கள் அதன் தலையைச் சுற்றி வட்டமாகக் கிளம்பினால் அது சுழல் பம்பு. மாஸி பெர்கூசன் 35, 135 வண்டிகளின் மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் என்ஜின்களில் இருந்த சி.ஏ.வி. டி.பி.ஏ. பம்பு இவ்வகையது. இதன் உறுப்புகள் அனைத்தும் தம்முள் ஓடும் டீசலையே மசகாகக் கொண்டவை. மசகுச் சேர்பொருளுக்கு நியாயம் இருக்குமாயின், முதன்மையாக இவ்வகைப் பழைய சுழல் பம்பிற்கே உண்டு.

அதிலும் ஒரு வரம்பு உண்டு. காலையில் உடனே கிளம்பும் வண்டி, சூடேறிய பின் நிறுத்தினால் மீண்டும் கிளம்ப மறுக்குமானால், சுழல் பம்பின் உள்ளுறுப்புகள் தேய்ந்திருக்கக்கூடும். தேய்ந்த உலோகத்தைச் சேர்பொருள் வளர்க்காது. பம்பைக் கழற்றிச் சோதனை நிலையத்தில் காட்டுவதே முறை.

நீரும் தூசியும்

பம்பிற்கும் நாசிலுக்கும் முதற் பகை நீரும் தூசியுமே. பாதி டாங்கு டீசலுடன் வண்டியை இரவில் நிறுத்தினால், வெற்றிடத்துக் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து நீராகி அடியில் தங்கும். நீரும் டீசலும் சேருமிடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிக் கரிய பாசிபோல் படிந்து வடிகட்டியை அடைக்கும். மாலையில் வேலை முடிந்ததும் டாங்கை நிரப்பி வைத்தலும், நீர் வடிக்கும் குடுவையைக் காலையில் திறந்து பார்த்தலும், கையேட்டில் கண்ட மணிக்கணக்கில் வடிகட்டியை மாற்றுதலும் எந்தப் புட்டியினும் மேலான மருந்தாகும். பீப்பாயில் டீசல் வைப்போர் அதை நிழலில் வைத்து, அடிவண்டல் கலங்காமல் மேலிருந்து எடுத்தல் வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள பாத்திரம் டீசலுக்கு ஆகாது.

நெசவாளர் சங்கங்களுக்கும் இது பொருந்தும். மின்சாரம் நிற்கும்போது மட்டும் ஓடும் தறிக்கூட ஜெனரேட்டரில் டீசல் மாதக்கணக்கில் தேங்கிக் கிடப்பதால், நீரும் பாசியும் சேரும் அபாயம் அங்கே அதிகம்.

புட்டிகளின் வகை

கடையில் விற்கும் சேர்பொருள்கள் பல பணிகளுக்கானவை. புட்டியின்மீது பணி இன்னதென்று தெளிவாக எழுதப்படாததை வாங்காதிருத்தலே நன்று.

மசகு கூட்டுவது: பழைய சுழல் பம்பிற்கு உதவக்கூடும். கட்டாயமன்று, காப்பீடு போன்றது.

நாசிலைச் சுத்தம் செய்வது: நாசிலில் கரி படிந்து புகை மிகும்போது பயன் தரலாம். டாங்கில் படிந்த பழைய அழுக்கையும் இது பெயர்க்குமாதலால், புதிய வடிகட்டியொன்று கைவசம் இருத்தல் வேண்டும். கரும்புகைக்குக் காற்று வடிகட்டி அடைபட்டிருப்பதும் காரணமாகலாம். முதலில் அதனைப் பார்க்க. நீலப்புகை என்ஜின் ஆயில் எரிவதன் அறிகுறி. அதற்கு டீசல் மருந்து பயன்படாது.

சீட்டேன் எண்ணை உயர்த்துவது: டீசல் எளிதில் பற்றும் தன்மையைக் குறிப்பது சீட்டேன் எண். நம் டீசலில் இது 51க்குக் குறையலாகாது என்பது விதி. பழைய என்ஜின்கள் இதனினும் தாழ்ந்த டீசலுக்காகச் செய்யப்பட்டவை. ஆதலின் இச்செலவு பெரும்பாலும் வீண்.

குளிரில் உறையாமல் காப்பது: கடுங்குளிர் நாடுகளுக்கு வேண்டியது. நம் சமவெளிக்குத் தேவையில்லை.

பாசியை அழிப்பது: பாசி பிடித்தது உறுதியானால் மட்டும் உபயோகிக்கலாம். இது நஞ்சு, கையுறை இன்றித் தொடலாகாது. இறந்த பாசியும் வடிகட்டியை அடைக்குமாதலால் டாங்கையும் கழுவ வேண்டும்.

நீரைப் போக்குவது: ஆல்கஹால் கலந்ததாயின் தவிர்க்க. அது நீரை டீசலோடு கலந்து பம்பிற்குள் அனுப்பும், மசகையும் குறைக்கும். நீரைப் பிரித்து அடியில் தங்கச் செய்யும் வகையே ஏற்றது. தங்கிய நீரை நாமே வடித்துவிடலாம்.

கலக்கத் தகாதவை

மண்ணெண்ணெய் கலந்தால் மலிவு என்பது தீராத கேடு. அது டீசலினும் நீர்த்தது, மசகு குறைந்தது, சுழல் பம்பை விரைவில் தேய்க்கும். பொது விநியோக மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் ஊட்டப்பட்டதே இத்தகைய கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கத்தான். வடித்த பழைய என்ஜின் ஆயிலில் கரியும் உலோகத் துகளும் இருக்கும். அதை டீசலில் ஊற்றுவது பம்பிற்குள் மணலை இடுவதற்கு ஒப்பாகும். இரண்டு கம்பெனிப் புட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவதும், குறித்த அளவுக்கு மேல் ஊற்றுவதும் ஆகா.

செலவுக் கணக்கு

மணிக்கு மூன்றரை லிட்டர் டீசல் குடிக்கும் வண்டி ஆண்டில் 600 மணி நேரம் ஓடுவதாகக் கொள்வோம். ஆண்டுச் செலவு 2,100 லிட்டர். 50 லிட்டருக்குப் போதுமான சிறு புட்டியின் விலை 150 ரூபாய் எனில், லிட்டருக்கு 3 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 6,300 ரூபாய் ஆகும். 1,000 லிட்டருக்குப் போதுமான பெரிய புட்டி 1,500 ரூபாய் எனில், ஆண்டுக்கு 3,150 ரூபாயே. இவ்விலைகள் கணக்கை விளக்குவதற்காகக் கொண்டவை. கருத்து யாதெனில், புட்டியின் விலையை விட்டு, ஒரு லிட்டர் டீசலுக்கு ஆகும் செலவைப் பார்த்து ஒப்பிடல் வேண்டும். அத்தொகையில் எத்தனை வடிகட்டிகள் வாங்கலாம் என்றும் எண்ணிப் பார்த்தல் நலம்.

சங்கத்தின் கடமை

தனியொருவர் கடைக்காரர் சொல்லை நம்பவேண்டிய இடத்தில், சங்கம் கேட்டறிந்து வாங்க முடியும். வாடகை வண்டி வைத்துள்ள ஒவ்வொரு சங்கமும், ஓடிய மணி, ஊற்றிய டீசல், வடிகட்டி மாற்றிய தேதி, சேர்பொருள் ஊற்றியிருப்பின் அதன் பெயரும் அளவும் ஆகியவற்றைக் குறிக்கும் பதிவேடு ஒன்றை ஓட்டுநரிடம் கொடுத்தல் வேண்டும். ஓராண்டுப் பதிவே அப்புட்டி பயன் தந்ததா இல்லையா என்பதைக் காட்டிவிடும். வேலை குறைந்த கோடையில் பம்பையும் நாசில்களையும் சோதனைக்கு அனுப்பவும், அங்கத்தினர்களின் வண்டிகளுக்கும் சேர்த்து வடிகட்டிகளை மொத்தமாக வாங்கவும் நிர்வாகக் குழு தீர்மானிக்கலாம். இவற்றைச் செய்த பின்னரும் சேர்பொருள் தேவையெனத் தோன்றினால், பம்பின் வகைக்கு ஏற்ற ஒன்றை, ஒன்றை மட்டும், அளவறிந்து வாங்குக. அங்ஙனம் செய்யும் சங்கத்தின் டிராக்டர், மழை பெய்து ஈரம் காயுமுன் அங்கத்தினரின் வயலில் நிற்கும்.