சாவியைக் கொடுக்கும் முன்

2024 மே மாதம், புனே கல்யாணி நகர். நள்ளிரவைத் தாண்டிய நேரத்தில் ஒரு போர்ஷே கார் பைக் மீது மோதியது. பைக்கில் வந்த பொறியாளர்கள் இருவரும் இறந்துபோனார்கள். இருவருக்கும் வயது 24. காரை ஓட்டியதாகப் பிடிபட்டவனுக்கு 17. சாலை விபத்தைப் பற்றி 300 வார்த்தைகளில் கட்டுரை எழுதச் சொல்லி, சிறார் நீதி வாரியம் ஜாமீன் கொடுத்தபோது நாடே கொதித்தது. நியாயமான கோபம். ஆனால், பள்ளிச் சீருடையோடு மூன்று பேராக ஸ்கூட்டரில் பறக்கும் பிள்ளைகளை நம் தெருவிலேயே தினமும் பார்க்கிறோமே, அவர்களுக்குச் சாவி கொடுத்தது யார்?

உலக அளவில் 5 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் உயிரைப் பறிப்பதில் சாலை விபத்துக்கே முதலிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் 2022இல் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள்.

கை பழகிவிடும், மூளை?

வண்டி ஓட்ட ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆபத்தை எடைபோட்டு அவசரத்தை அடக்கும் மூளையின் முன்பகுதி முதிர்ச்சி அடைய ஏறக்குறைய 25 வயதாகிறது. பின்னால் உட்கார்ந்திருக்கும் நண்பன் ‘முறுக்குடா’ என்றதும் கை ஆக்ஸிலரேட்டரைத் திருகிவிடுவது இதனால்தான். நியூசிலாந்து 1987இலேயே இதற்கு ஒரு வழி கண்டது. உரிமத்தைப் படிப்படியாகக் கொடுத்தார்கள். ஆரம்ப காலத்தில் இரவில் தனியாக ஓட்டவும் நண்பர்களை ஏற்றவும் தடை போட்டார்கள். நமக்கும் இது தேவை.

செல்போன் இன்னொரு எமன். 60 கி.மீ. வேகத்தில் போகும்போது மூன்று நொடி திரையைப் பார்த்தால், 50 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

தொங்கும் ஹெல்மெட்

வீட்டிலிருந்து கிளம்பும்போது ஹெல்மெட் கண்ணாடியில் தொங்கும். போலீஸைப் பார்த்ததும் தலைக்கு ஏறும். தாடைப் பட்டை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும். பட்டை மாட்டாத ஹெல்மெட், தலை தரையில் மோதுவதற்குள் கழன்று ஓடிவிடும். போட்டும் பலனில்லை.

பெற்றோருக்கும் சிறை

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயதுவரை உரிமம் கிடைக்காது.

‘தெருமுனைக் கடைக்குத்தானே’ என்று சாவியை நீட்டாதீர்கள். உரிமம் வாங்கிய பிள்ளையாக இருந்தாலும், வாசலில் நின்று, ஹெல்மெட் பட்டை ‘க்ளிக்’ என்று பூட்டும் சத்தத்தைக் கேட்டபிறகு அனுப்பிவையுங்கள்.