உங்களுக்குத் தெரியுமா? அண்ணன், தங்கை, இலையுதிர்கால மலைப்பாதை

★ கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் தங்கை டோரத்தி, தாய் இறந்த 1778-ல் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். கூடப்பிறந்தவர்களை மறுபடி பார்க்க 9 ஆண்டுகள் ஆயின. 1799 டிசம்பரில் அண்ணனும் தங்கையும் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், கிராஸ்மியரில் குடியேறினார்கள். இழந்த காலத்தையெல்லாம் நடந்தே ஈடுகட்டினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

★ 1797 நவம்பர் 13, மாலை நாலரை மணி. வில்லியம், டோரத்தி, நண்பர் கோல்ரிட்ஜ் மூவரும் சாமர்செட் கடலோரத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். வழிச்செலவுக்கு ஒரு கவிதை எழுதி விற்கலாம் என்று பேச்சு வந்தது. கோல்ரிட்ஜின் புகழ்பெற்ற மாலுமிக் கவிதை அந்த நடையில்தான் கருக்கொண்டது. மாலுமி ஓர் ஆல்பட்ராஸ் பறவையைக் கொல்லட்டும் என்று யோசனை சொன்னவர் வில்லியம்.

★ 1800 செப்டம்பர் மாதக் கடைசி. கிராஸ்மியர் பக்கம் நடந்துவிட்டுத் திரும்பிய அண்ணனும் தங்கையும் வழியில் ஒரு முதியவரைக் கண்டார்கள். உடம்பு இரண்டாக மடிந்த கூன், தோளில் போட்ட மேலங்கிக்கு அடியில் மூட்டை. வைத்தியத்துக்கு அட்டை பிடித்து விற்பது அவர் தொழில். முன்பு 100 அட்டை இரண்டரை ஷில்லிங். இப்போது 30 ஷில்லிங், அதுவும் கிடைப்பதில்லை என்றார். பத்துப் பிள்ளைகளில் ஒருவன்தான் மிச்சம். இவ்வளவையும் டோரத்தி அக்டோபர் 3 அன்று தன் நாட்குறிப்பில் பதிந்துவைத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து வில்லியம் அந்த முதியவரைப் பற்றிக் கவிதை எழுதினார். கவிதையில் கவிஞர் தனியாக நடக்கிறார், தங்கையைக் காணோம்! டாஃபடில் மலர்களைப் பற்றிய கவிதையிலும் இதே கதைதான்.

★ அதே 1800 செப்டம்பர் 29-ல், இருவரும் தம்பி ஜானை வழியனுப்ப கிரைஸ்டேல் மலைக்குளம் வரை ஏறினார்கள். ஜான் கிழக்கிந்தியக் கம்பெனியின் மாலுமி. அதன்பின் அவர் கிராஸ்மியருக்கு வரவே இல்லை. 1805 பிப்ரவரி 5 அன்று, வங்காளத்துக்கும் சீனாவுக்கும் புறப்பட்ட கப்பல் இங்கிலாந்துக் கரையருகிலேயே மூழ்கியது. கேப்டன் ஜானோடு சுமார் 250 பேர் மாண்டார்கள். பிரிந்த இடத்தில் இன்று ஒரு நினைவுக்கல் இருக்கிறது.

★ இந்த நடைகள் எல்லாம் இலையுதிர்காலத்தில். அப்போது தெரியும் இலையின் மஞ்சள் நிறம் புதிதாக வருவதல்ல. கோடையிலும் உள்ளேயே இருக்கிறது. பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்போ, இலையில் தேங்கும் சர்க்கரையிலிருந்து மரம் இலையுதிர்காலத்தில் உண்டாக்குவது. பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத குளிர் என்றால் சிவப்பு தூக்கலாக இருக்கும். ஏரி மாவட்டத்து மலைச்சரிவுகளைச் செம்பு நிறமாக்குவது பெரும்பாலும் மரமல்ல, காய்ந்த பெரணிச்செடி.

★ வில்லியம் வாழ்நாளில் குறைந்தது 1,75,000 மைல் நடந்திருப்பார் என்பது எழுத்தாளர் டி குவின்சியின் கணக்கு. பூமியை 7 முறை சுற்றிவரும் தூரம்!

★ 1818 அக்டோபர் 7 அன்று, 46 வயதில், டோரத்தி ஒரு தோழியுடன் இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக்கில் (978 மீட்டர்) ஏறினார். அதைப் பற்றி அவர் எழுதிய கடிதத்தை அண்ணன் தன் ஏரி மாவட்ட வழிகாட்டி நூலில் சேர்த்தார், எழுதியவர் பெயரைப் போடாமல். அந்த நூலை இன்று மறுபதிப்பு செய்கிறவர்கள் அட்டையிலேயே டோரத்தியின் பெயரையும் போடலாம்.