எலும்புப் புற்றுநோய்: இடையில் நிற்காத சிகிச்சையே உயிர் காக்கும்

முதிர்வுக்கு முன்பே வைப்புத்தொகையை முடித்துத் தருமாறு வங்கிக்கு வருவோரிடம் காரணம் கேட்டால், பலரும் மருத்துவச் செலவு என்றே கூறுவர். அது பள்ளிப் பருவத்துப் பிள்ளையின் எலும்புப் புற்றுநோய் என்று அறியும்போது மனம் கனத்துவிடும். “இனி என்ன பயன்?” என்று பெற்றோர் தளர்வதும் உண்டு. அத்தளர்ச்சி இன்றைய மருத்துவ நிலைக்குப் பொருந்தாது.

எலும்பிலேயே தோன்றும் புற்றுநோய்களுள் முதன்மையானது ஆஸ்டியோசார்கோமா. இது வளரிளம் பருவத்தினருக்கு, முழங்காலை ஒட்டிய எலும்புகளில் மிகுதியாகத் தோன்றுகிறது. 1970-களுக்கு முன்னர்க் காலை அகற்றுவதே பெரும்பாலும் சிகிச்சையாக இருந்தது. அகற்றிய பின்னும் ஐவரில் ஒருவரே நெடுநாள் வாழ்ந்தார். கண்ணுக்குப் புலப்படாத நோய்ச்செல்கள் முன்னமே நுரையீரலைச் சென்றடைந்திருந்ததே காரணம். கீமோதெரபி வந்தபின் நிலைமை மாறியது. நோய் பரவுமுன் வந்து முழுச் சிகிச்சையும் பெறுவோரில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். பரவிய பின் வருவோரில் இந்த அளவு 20 முதல் 30 விழுக்காடாகக் குறைகிறது.

இன்று பலருக்குக் காலும் காக்கப்படுகிறது. நோயுற்ற எலும்பை நீக்கி, அவ்விடத்தில் உலோகத்தாலான செயற்கை எலும்பைப் பொருத்துகின்றனர். இத்துறையில் முன்னின்ற சென்னை மருத்துவர் மயில்வாகனன் நடராஜன் 2007-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அறுவைக்கு முன்னும் பின்னுமாகக் கீமோதெரபி பல மாதங்கள் தொடரும். வலி குறைந்தது என்றோ, கையிருப்புத் தீர்ந்தது என்றோ நடுவில் நிறுத்தினால், எஞ்சிய செல்கள் மீண்டும் பெருகக்கூடும். ஓய்விலும் இரவிலும் நீடிக்கும் வலி, வளரும் வீக்கம் ஆகியவை சில வாரங்களில் நீங்காவிடில் எக்ஸ்-ரே எடுப்பது நன்று. அடிபட்ட வலி என்று எண்ணி, எண்ணெய் தேய்த்து உருவிக் காலம் கடத்துதல் கூடாது. திசு ஆய்வையும் இந்நோய்க்கு அறுவை செய்யும் மருத்துவமனையிலேயே செய்துகொள்வது நலம்.

பெங்களூரில் 1973-இல் தொடங்கப்பட்ட கித்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை அரசு சார்ந்தது. ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில், வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். தகுதியுடையோர் சேர்க்கையின்போதே அட்டையைக் காட்டுதல் வேண்டும்.

மற்றவர்கள் முதல் மாதச் செலவை மட்டும் கணக்கிடாமல், சிகிச்சைக் காலம் முழுவதற்குமான மதிப்பீட்டை மருத்துவமனையிடம் எழுத்தில் பெறுக. வைப்புத்தொகையை முறிக்காமல் அதன்மீதே கடன் பெறவும் இயலும். மருத்துவக் காப்பீட்டை நலமாயிருக்கும்போதே எடுத்தல் வேண்டும். நோய் கண்டறியப்பட்ட பின் எடுக்கும் காப்பீடு அப்போதைய செலவுக்கு உதவாது.

பணம் நோயைத் தீர்ப்பதில்லை. ஆனால் தீரக்கூடிய நோய்க்கான சிகிச்சை பணமின்றி நடுவில் நின்றுவிடாமல் காப்பது, நாம் முன்கூட்டியே செய்யக்கூடிய ஏற்பாடே.