தவணை தள்ளிப்போனது, கடன் தள்ளுபடி ஆகவில்லை!

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் தெருக்கள் பல உண்டு. காலையில் அந்தப் பக்கம் போனால் தறிச் சத்தம் காதில் விழும்.

வீட்டுக் கூடத்தில் தரையைத் தோண்டிக் குழித்தறி போட்டிருப்பார்கள். குழியில் கால்களை இறக்கி நெசவாளி உட்காருவார். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் கோர்வை போட வேண்டும். அதற்குப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். பல வீடுகளில் அது மனைவி அல்லது மகன்.

குடும்பம் தூங்குவதும் அங்கேதான். புடவை பிறப்பதும் அங்கேதான்.

அந்த வீட்டின் பத்திரம் பாங்கியில் ஈடாக இருந்தால்? தவணை தவறினால்? வீடு போனால் தொழிலும் போய்விடும். குழித்தறியைத் தோளில் தூக்கிக்கொண்டு போக முடியுமா? வாடகை வீட்டுக்காரர் தரையைத் தோண்டச் சம்மதிப்பாரா?

தறி ஓய்ந்த நாட்கள்

2020-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி கொரோனா ஊரடங்கு வந்தது. பட்டுக் கடைகள் மூடப்பட்டன. கல்யாணங்கள் தள்ளிப்போயின. விற்பனை இல்லை, ஆகவே கூலியும் இல்லை. ஆனால் தவணைத் தேதி மட்டும் தவறாமல் வந்தது.

மார்ச் 27-ந் தேதி ரிசர்வ் பாங்கி ஒரு சலுகையை அறிவித்தது. மார்ச் 1 முதல் 3 மாதத் தவணைகளைத் தள்ளிவைக்கப் பாங்கிகளுக்கு அனுமதி கொடுத்தது. பிறகு அது ஆகஸ்டு 31 வரை நீண்டது. ஆக 6 மாதம்.

"6 மாதக் கடன் போயிற்று" என்று நினைத்தவர்களும் உண்டு. அதுதான் தவறு! தள்ளிவைத்தது தவணையைத்தான். வட்டி ஒரு நாள்கூட நிற்கவில்லை.

426 ரூபாய்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டுக் கடன் பாக்கி 5 லட்சம் ரூபாய். வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம். மாத வட்டி 3,750 ரூபாய். 6 மாதத்துக்கு 22,500 ரூபாய். வட்டிக்கு வட்டியும் சேர்த்தால் 22,926 ரூபாய்.

அந்த வட்டிக்கு வட்டியை மட்டும் மத்திய அரசாங்கம் தானே ஏற்றுக்கொண்டது. பாக்கி 2 கோடி ரூபாய் வரை உள்ள கடன்களுக்கு இந்த உதவி கிடைத்தது. நம் கணக்குப்படி கிடைத்தது 426 ரூபாய். மீதி 22,500 ரூபாய் கடன்காரர் தலையில்தான்!

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2021-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி தீர்ப்பு வந்தது. அந்த 6 மாதத்துக்கு யாரிடமும் வட்டிக்கு வட்டி வாங்கக்கூடாது என்று கோர்ட்டு கூறியது. ஆனால் வட்டியையே தள்ளுபடி செய்ய மறுத்துவிட்டது.

90 நாள் கெடு

அந்தச் சலுகை அன்றோடு முடிந்தது. இப்போது தவணை தவறினால் என்ன நடக்கும்?

பாக்கி 90 நாளைத் தாண்டினால், அது வாராக் கடன் என்று பாங்கி எழுதிவிடும். பிறகு 2002-ம் ஆண்டின் 'சர்பாசி' சட்டம் வரும். அந்தச் சட்டப்படி, கோர்ட்டில் வழக்குப் போடாமலே பாங்கி வீட்டை எடுத்து ஏலம் விடலாம்.

ஆனால் எடுத்த எடுப்பில் அல்ல. முதலில் 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதற்குக் கடன்காரர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால், 15 நாளில் பாங்கி பதில் சொல்ல வேண்டும். வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால், 45 நாளில் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். ஏல விளம்பரம் வெளியாகும் முன்பு பாக்கியையும் செலவையும் முழுதாகக் கட்டினால் வீடு தப்பும்.

என்ன செய்யலாம்?

கூலி குறைந்த மாதமே பாங்கிக்குப் போவது நல்லது. தவணைக் காலத்தை நீட்டி, மாதத் தொகையைக் குறைக்க முடியுமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். மனுவின் நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

தவணை தவறினால் பாங்கி அபராதம் போடும். 2024-ம் ஆண்டு முதல் அந்த அபராதத்தை வட்டியோடு சேர்த்து, அதன்மேல் வட்டி போடக்கூடாது என்பது ரிசர்வ் பாங்கி விதி. கணக்குச் சீட்டை வாங்கிப் பார்க்க வேண்டும். புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

நோட்டீசை மனைவிக்குத் தெரியாமல் பெட்டிக்குள் ஒளித்து வைக்கிறவர்கள் உண்டு. பெட்டியைப் பூட்டினால் கெடு நின்றுவிடுமா? கூடத் தறியில் உட்காருகிறவளுக்கு வீட்டுக் கடன் மட்டும் தெரியக்கூடாதா?

தறியில் இழை அறுந்தால் நெசவாளி அப்போதே நிறுத்தி முடிச்சுப் போடுகிறார். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் புடவையே பழுதாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். தவறிய தவணையும் அப்படித்தான்!