தேடுசொற்களும் திசைமாறி வருவோரும்: சுவா சூ காங் என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து

கல்வியாளர் ஒருவர் தம் கட்டுரையை இணையத்தில் இடுகின்றபொழுது, அவர் எண்ணிப் பார்த்திராத அயலாரும் அதனை வந்தடைகின்றனர். அவர்கள் தட்டச்சிட்ட தேடுசொற்களைக் காணின் சில வேளை நகைப்பும் சில வேளை இரக்கமும் தோன்றும். இவ்வருகை நேரும் முறையைச் சிங்கப்பூரின் சுவா சூ காங் என்னும் பெயரைக் கொண்டு இங்கு விளக்க முற்படுகின்றோம்.

இப்பெயர் தியோச்சியூ வழக்கைச் சார்ந்தது. முதற்சொல் குடிப்பெயர், 'சூ' என்பதற்குச் சீன எழுத்தில் வீடு என்பது பொருள், 'காங்' ஆற்றுத்துறையைக் குறிக்கும். 19ஆம் நூற்றாண்டில் காம்பியரும் மிளகும் பயிரிட்ட சீனக் குடியேறிகளின் சுவடு இதில் உள்ளது. ஆங்கில எழுத்திலேயே இரயில் நிலையத்திற்கு ஒரு வடிவமும் நாடாளுமன்றத் தொகுதிக்கு வேறொரு வடிவமும் வழங்குகின்றன. தமிழில் சுவா, சோவா என இரண்டாகவும், இடைவெளியின்றி ஒரே சொல்லாகவும் எழுதுவோர் உளர். வேற்றுமை உருபு ஏறிக் 'காங்கில்', 'காங்கிலிருந்து' என்றாகும்பொழுது வடிவங்கள் மேலும் பெருகுகின்றன.

இன்றைய தேடுபொறிகள் பொருளையும் ஓரளவு உய்த்துணர்கின்றன. எனினும் அரிய பெயர்களைப் பொறுத்தவரை எழுத்தொப்புமையே இன்னும் வலிமையுடையது. நம் நாளிதழ்த் தலைப்புகள் காங்கிரசுக் கட்சியைக் 'காங்.' எனச் சுருக்குவதால், சிங்கப்பூர் ஊரொன்றைத் தேடியவர் தமிழகத் தேர்தற் செய்தியில் போய் நிற்கவும் கூடும்! தமிழில் இவ்வூரைப் பற்றிய பக்கங்கள் மிகக் குறைவு. ஆதலின் ஊர்ப்பெயரை ஓரிடத்தில் மட்டும் சுட்டிய கட்டுரையும் தேடல் முடிவுகளில் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றது.

இதனை வெறும் வேடிக்கையாகக் கொள்வதற்கில்லை. சிங்கப்பூரில் இன்றும் உடலடக்கத்திற்குத் திறந்திருக்கும் ஒரே இடுகாடு சுவா சூ காங்கில்தான் உள்ளது. 1998 நவம்பர் முதல் நடப்பிலுள்ள விதியின்படி அடக்கக் காலம் 15 ஆண்டுகளே. அதன்பின் கல்லறை தோண்டப்படும். தெங்கா விமானப்படைத் தள விரிவாக்கத்தின் பொருட்டுச் சீனர் கல்லறைகள் 45,500உம் முஸ்லிம் கல்லறைகள் 35,000உம் அகற்றப்படும் என 2017 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. தமிழ் முஸ்லிம்களின் முன்னோரும் இவ்விடுகாட்டில் துயில்கின்றனர். நாகூரிலிருந்தோ கடையநல்லூரிலிருந்தோ பாட்டனார் பெயரையும் ஊர்ப்பெயரையும் தமிழில் இட்டுத் தேடுபவருக்கு வேண்டுவது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் பதிவு. அப்பதிவோ ஆங்கிலத்தில் உள்ளது. பாட்டனார் பெயரை அன்றைய எழுத்தர் எவ்வாறு ஒலிபெயர்த்தாரோ அவ்வாறே அமைந்திருக்கும். ஆகவே அவர் நம் ஊர்ப்பெயர் ஆய்வைத்தான் வந்தடைவார். ஊர்ப்பெயரின் மாற்று வடிவங்களோடு அவ்வாரியத்தின் பெயரையும் கட்டுரையில் ஒரு வரியாகச் சேர்ப்பது எளிது, சேர்ப்போர்தாம் அரியர்.

முன்னர் வருவோரின் தேடுசொல், அவரது உலாவி அனுப்பும் முகவரியோடு சேர்ந்தே பக்க உரிமையாளருக்குக் கிட்டியது. 2011 அக்டோபரில் கூகுள் நிறுவனம், தன் கணக்கில் நுழைந்து தேடுவோரின் சொற்களை மறைக்கத் தொடங்கி, 2013இல் அம்மறைப்பை ஏறத்தாழ அனைவருக்கும் விரிவாக்கியது. இன்று உரிமையாளருக்கு அது தரும் பட்டியலில், மிகச் சிலரே தேடிய தொடர்கள் தனிமறைவு கருதி விடப்படுகின்றன. தனியொருவரின் பெயரைத் தாங்கிய தேடல் பெரும்பாலும் இவ்விடுபட்ட வகையிலேயே அடங்கும்.