அணையில் கன அடி, குழாயில் லிட்டர்

ஒரு கன அடி 28.317 லிட்டருக்குச் சமம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடியாக உள்ள பெட்டியில் அவ்வளவு தண்ணீர் பிடிக்கும். ஓரடிக்குச் சரியாக 30.48 சென்டிமீட்டர் என்று 1959-ல் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஆறு நாடுகள் ஒப்புக்கொண்டதால், இந்தக் கணக்கில் இழுபறி இல்லை. கன அடியை லிட்டராக்க 28.317-ஆல் பெருக்க வேண்டும். லிட்டரைக் கன அடியாக்க அதே எண்ணால் வகுக்க வேண்டும்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு மீட்டருக்கு 3.28 அடி என்பதை வைத்துக்கொண்டு கொள்ளளவையும் 3.28-ஆல் வகுத்துவிடுகிறார்கள். கொள்ளளவுக்கு அந்த எண்ணை மும்மடியாக்க வேண்டும்: ஒரு கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர், 35.31 கன அடி.

வீட்டு சம்ப்பில் இது நேரடியாகப் பயன்படும். உள்ளளவு 8 அடி நீளம், 6 அடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் 5 அடி என்றால் 240 கன அடி. ஏறக்குறைய 6,800 லிட்டர். 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் அதில் கொள்ளாது; அதற்கு 424 கன அடி இடம் வேண்டும். இதே சம்ப்பில் ஓரங்குலத் தண்ணீர் 113 லிட்டர். ஒரு குச்சியைச் செங்குத்தாக விட்டு நனைந்த அங்குலங்களை எண்ணினால் இருப்பு தெரிந்துவிடும். சுவரின் கனத்தையும் சேர்த்து வெளிப்புறமாக அளந்தால் மட்டும் கணக்கு ஏமாற்றும்.

அணைகளில் எண்கள் பெரிதாகின்றன. நூறு கோடி கன அடிதான் ஒரு டிஎம்சி. லிட்டரில் சுமார் 2,832 கோடி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவான 93.47 டிஎம்சி, ஏறத்தாழ 2.65 லட்சம் கோடி லிட்டர். திறப்பு என்றால் கன அடி விநாடிக்கு உரியது: 12,000 கன அடி திறந்தால் விநாடிக்கு 3.4 லட்சம் லிட்டர் பாயும். ஒரு நாளில் ஒரு டிஎம்சிக்குச் சற்று மேல் வெளியேறும்.

செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சுமார் 10,320 கோடி லிட்டர். அதிலிருந்து தினமும் 100 கோடி லிட்டர் எடுத்தால், ஆவியாவதைக் கழிக்காமலே 103 நாள்தான் வரும். மில்லியன் கன அடி என்ற எண் இதைச் சொல்வதில்லை. ஏரி நிலவரம் வெளியிடும் நாளிதழ்கள் பக்கத்திலேயே கோடி லிட்டர் கணக்கையும் போட வேண்டும்.