இறுகிய திருகு

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது கம்பம் பள்ளத்தாக்கு. 1895-ஆம் ஆண்டில் பெரியாற்று அணை கட்டி முடிக்கப்பட்டது. அது முதல், மேற்கே ஓடிய ஆற்றுநீர் மலையைக் குடைந்த வழியே கிழக்கே வந்து இந்நிலத்தை வளப்படுத்துகின்றது. நெல்லும் வாழையும் திராட்சையும் காய்கறிகளும் இங்கே செழித்து விளைகின்றன. இவ்விளைபொருள்களை மலைக்கு அப்பாலுள்ள கேரளத்துக்குக் கொண்டு செல்வன லாரிகளே. கூடலூரைக் கடந்து குமுளிக்கு ஏறும் பாதையிலும், போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிப் போடிமெட்டுக்கு ஏறும் பாதையிலும் அவை சுமையுடன் ஏறி இறங்குகின்றன.

இவ்வாறு மலையேறும் லாரியில் பெரும்பாரத்தைத் தாங்கும் உறுப்பு ஒன்று உண்டு. பின் அச்சின் நடுவே பருத்துத் தோன்றும் கூடே அது. அதனை டிபரன்ஷியல் என்பர். எஞ்சினின் ஆற்றல் அக்கூட்டினுள் உள்ள பற்சக்கரங்களின் வழியாகவே பின்சக்கரங்களை அடைகின்றது. வளைவில் திரும்புங்கால் வெளிச்சக்கரம் மிகுதியாகவும் உட்சக்கரம் குறைவாகவும் சுழல இடந்தருவதும் அதுவே. இறக்கத்தில் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிப்பதும் அப்பற்களின் வழியாகத்தான். ஆதலின் அவை எப்பொழுதும் எண்ணெயில் தோய்ந்திருத்தல் வேண்டும். நாளடைவில் எண்ணெய் தன் பசையை இழக்கும். இரும்புத் துகளும் அதனுள் சேரும். எனவே, குறித்த தொலைவு ஓடியதும் பழைய எண்ணெயை வடித்துப் புதிய எண்ணெயை நிரப்புவர்.

அக்கூட்டில் இரண்டு துளைகள் உள்ளன. அடியில் இருப்பது எண்ணெயை வடிக்கும் துளை. பக்கத்தில் சற்று மேலே இருப்பது நிரப்பும் துளை. இரண்டும் திருகுகளால் மூடப்பட்டிருக்கும். இவற்றுள் எதனை முதலில் திறப்பது? வடிக்கும் துளையையே என்று பலரும் எண்ணுவர். அறிந்த தொழிலாளியோ நிரப்பும் திருகையே முதலில் கழற்றுவான். எண்ணெயை வடித்த பின் நிரப்பும் திருகு அசையாவிடின், புதிய எண்ணெயை உள்ளே செலுத்த வழியின்றி வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். எண்ணெயின்றி ஓட்டினால் பற்கள் உராய்ந்து வெப்பமேறி அழியும். ஏற்ற வேண்டிய காய்கறியோ ஒருவர்க்காகவும் காத்திராது.

திருகு ஏன் இறுகுகின்றது? மழைநீரும் சேறும் படிந்து புரியினுள் துரு ஏறுவது ஒரு காரணம். முன்பு முடுக்கியவர் அளவுக்கு மீறி முடுக்கியிருப்பது மற்றொன்று. எஃகுத் திருகு அலுமினியக் கூட்டில் பொருந்தியிருப்பின், ஈரம் பட்ட இரு உலோகங்களும் அரிப்புற்று ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்.

அதனைக் கழற்றும் முறை வருமாறு: வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் புகுதல் உயிருக்கே கேடாம். பின்னர்த் திருகைச் சுற்றியுள்ள அழுக்கைக் கம்பித் தூரிகையால் நீக்கி, துருவினூடே ஊடுருவும் எண்ணெயை இட்டு, அது உட்செல்லும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். அளவிற் பொருந்திய ஸ்பானரையே கொள்ளுதல் வேண்டும். பொருந்தாததைக் கொண்டால் திருகின் முனைகள் மழுங்கிவிடும். திருகின் தலையைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் துருவின் பிடி தளரும். முதலில் இம்மியளவு இறுக்கிப் பின் தளர்த்துவதும் உதவும். திருகின் தலையை நேரே நோக்க, இடஞ்சுழியாகத் திருப்பினால் அது கழலும். அடியிலுள்ள திருகை மேலிருந்து எட்டித் திருப்புவோன் திசை தடுமாறி அதனை மேலும் இறுக்கிவிடுதலும் உண்டு.

நெம்புகோலின் தத்துவம் இங்கே கைகொடுக்கும். 1 அடிக் கைப்பிடியை 2 அடியாக நீட்டினால், அதே கைவலிமை இருமடங்கு திருப்பும் ஆற்றலைத் தரும். வெப்பமும் துணை செய்யும். அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இருமடங்கு விரியுமாதலின், சூடேறிய அலுமினியக் கூடு எஃகுத் திருகுக்கு இடங்கொடுக்கும். ஆயினும் உள்ளே எண்ணெய் இருத்தலின், தீயைக் கையாளுதல் தேர்ந்தவர்க்கே உரியது.

நிரப்பும் திருகு கழன்ற பின்னரே வடிக்கும் திருகின்மேல் கை வைத்தல் வேண்டும். பல வண்டிகளில் அத்திருகின் முனையில் காந்தம் இருக்கும். அதில் மெல்லிய பொடி ஒட்டியிருப்பின் அஃது இயல்பான தேய்வு; பல்லின் துண்டு ஒட்டியிருப்பின் பெருங்கேட்டின் முன்னறிவிப்பு. வடிந்த எண்ணெய் வாய்க்காலில் கலவாமல் அதனைக் கலத்தில் ஏந்திக் காத்தல் கடமையாகும். இறுதியில், திருகைக் குறித்த அளவுக்கே முடுக்குதல் வேண்டும். அளவுக்கு மீறி முடுக்குவோன், அடுத்து வருவோனுக்கு அல்லலைச் சேர்த்து வைக்கின்றான்.

பதறாத காரியம் சிதறாது என்பர் பெரியோர். வரவுக்கு வழி கண்ட பின்னரே செலவுக்கு வாய் திறத்தல் வேண்டும் என்னும் நெறி, இல்வாழ்வுக்கு மட்டுமன்றி இயந்திரத்துக்கும் பொருந்துவதாம்.